கிளாரா முடி

ஆண்டனி ராஜின் விரல்கள் விறைத்துப்போயிருந்ததால் ஜெபமாலை நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவையாகக் கிளாரா அதைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வேன் நின்றது.

“மதுரைக்காரவுக வந்துட்டாக,” என்றாள் நாத்தனார் மதலேனாள். ஒப்பாரி ஒரு நொடி நின்றது. எல்லாத் தலைகளும் வாசலைப் பார்த்துத் திரும்பி, வந்தவர்களை எண்ணி முடித்த பிறகே அழுகை தொடர்ந்தது.

ஆண்டனி ராஜ் மதுரையில் என்ன வேலை பார்த்தான் என்பது ஊருக்குப் பிடிபட்டதே இல்லை. புரோட்டீன் ஆராய்ச்சி லேப் என்றால், ஜிம்முக்குப் போகிற பயல்கள் பாலில் கலக்கிக் குடிக்கிற மாவுதானே என்று பக்கத்து வீட்டு ராஜமணி எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள். கிளாராவுக்கும் அதற்கு மேல் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் கம்பம் பஸ்ஸில் வருவான், திங்கள் விடியலில் போய்விடுவான். கேட்டால், “கல்லு மாதிரி ஒண்ணு வளக்குறோம்” என்பான். பதினோரு வருசமும் அதே பதில். நேற்றுத் தேனி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆம்புலன்ஸில்தான் வீடு வந்தான்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், கேட்கத்தான் கூச்சம்: ஊரில் தனக்கொரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று அந்த மனுசன் அங்கே வாய் திறந்து சொல்லியிருப்பானா?

வந்தவர்களில் ஒருத்தி, லேப்பில் அவனோடு வேலை பார்த்த குமுளிக்காரி ஷெரின், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

“கூடப் பொறந்தவ மாதிரில்ல அழுகுறா,” என்றாள் ராஜமணி, நாலு பேருக்குக் கேட்கிற ரகசியக் குரலில்.

ஷெரின் கிளாராவின் கையைப் பிடித்தாள். “கிளாரா சேச்சிதானே?”

“எம் பேரு எப்படித் தெரியும்?”

“லேப்ல தெரியாதவங்க யாரு? டப்பா மேலயே எழுதியிருக்கே.”

ஷெரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். புரோட்டீனின் உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதை ஒரு சொட்டு நீரில் படிகமாக வளர்க்க வேண்டும். சில சொட்டுகளில் மாசக்கணக்கில் ஒன்றும் வராது. அப்போது பழைய படிகத்தில் ஒரு முடியைத் தொட்டுப் புதுச் சொட்டில் கோடு இழுப்பார்கள். கோடு போன வழியில் முளைக்கும்.

“மத்த லேப்ல பூனை மீசை வச்சிருப்பாங்க. நம்மகிட்டப் பூனை இல்ல. அண்ணன் ஒரு திங்கக்கிழமை சட்டையில ஒட்டியிருந்த நீள முடிய எடுத்து இழுத்தாரு. நாலே நாள்ல கண்ணாடி மாதிரி நின்னுச்சு! அப்புறம் வாராவாரம் கொண்டுவந்து டப்பாவுல போட்டு, ‘கிளாரா முடி’ன்னு எழுதிட்டாரு. எது வளரலன்னாலும், கிளாரா இழுத்தாச்சான்னுதான் கேப்போம்.”

“யார் முடியானாலும் வளரும்மா,” என்றார் பின்னால் நின்ற புரொபசர் எபனேசர், சங்கடத்தோடு. “ஆனா வேற முடிய எவனும் தொட மாட்டேங்கிறான்.” பட்டம் வாங்கியவர்களின் பக்தி ராஜமணியின் பக்திக்கு இளைத்ததில்லை.

“பொம்பள முடிய எடுத்துட்டுப் போறது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்,” என்று ராஜமணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஷெரின் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணன் சொட்டு வச்ச தட்டு இன்னும் வளராம இருக்கு சேச்சி. டப்பாவுல மூணே முடிதான். இன்னிக்குக் கேக்கக் கூடாது...”

“நல்லாருக்குத்தா நியாயம்! பொணம் எடுக்கல, அதுக்குள்ள தலையில கை வைக்க வந்துட்டீகளா?” என்று மதலேனாள் சீறினாள்.

“எண்ணெ வச்ச முடி ஆகாதோ?” என்று கேட்டாள் கிளாரா.

“ஆகாது சேச்சி.”

“ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்துனா எண்ணெ வைக்காத, விரிச்சே போடும்பாக இவுக. நான் என்னமோ ஆசையிலன்னு...” கிளாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழவு வீட்டில் பெண்டாட்டி சிரித்த கதை ராஜமணிக்கு ஆறு மாசத்துக்குத் தாங்கும்.

கோயில் மணி அடித்தது. பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

“செத்தப் பொறுங்க,” என்றாள் கிளாரா. எண்ணெய் வைக்காத கொண்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக இழுத்து, ஷெரினின் கைக்குட்டையில் வைத்தாள்.

“நரைச்சது ஆகுமா?”

“ஆகும் சேச்சி.”

மூடியைப் பிடித்திருந்தவர்கள் கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டார்கள்.