வெள்ளை விட்ட இடம்

மார்ச் மூன்றாம் தேதி, துணி அச்சாலையின் மாடி அறையில், தங்கை வரைந்த ஆறு படங்களும் திரும்பி வந்து அண்ணனின் மேசைமேல் கிடந்தன.

பெண்களுக்கான துணி வாங்கும் கம்பெனிக்காரி மறைக்காமல் சொல்லியனுப்பியிருந்தாள். போன சீசன் அருவப் படங்களில் ஊசி குத்த இடமில்லை. வட்டத்துக்குள் கண், கண்ணுக்குள் கோடு, கோட்டின்மேல் இன்னொரு நிறம். கறை பட்டாலும் தெரியாது என்று அச்சடிப்பவர்கள் சிரித்தார்கள். கடையில் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை பாதித் தாள் வெறிச்சென்றிருக்கிறது. துணியில் பொத்தல் விழுந்த மாதிரி தெரியும். மாதக் கடைசிக்குள் பழையபடி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள்.

காரணம் அண்ணனுக்குத் தெரியும். போன சீசன் படங்களை வரைந்தபோது தங்கை தூங்காமல் கிடந்தாள். தாளில் துளி வெள்ளை தெரிந்தாலும் அதன் வழியே யாரோ பார்க்கிறார்கள் என்று அடைத்துக்கொண்டே போவாள். அதைத்தான் அவன் அளவெடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தித் துணியில் ஓடவிட்டான். பிறகு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. சாப்பாடு இறங்கியது.

அன்று வீட்டில் அவள் புதுப் படத்தை நீட்டினாள். மூலையில் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான்.

"பாருண்ணா, எவ்வளவு வெள்ளை விட்டிருக்கேன். யாருமே பாக்கல."

நன்றாகத்தான் இருந்தது. அவன் அடுக்களைக்குப் போனான். மாத்திரையை நிறுத்த டாக்டரே சொல்லிவிட்டதாக அம்மாவிடம் கூசாமல் அளந்தான்.

"எப்பப்பா சொன்னாரு? நானும்தானே கூட வந்தேன்?" என்றாள் அம்மா.

"ஆர்டர் போச்சுன்னா நம்மள உக்கார வெச்சு அவரா சோறு போடுவாரு?"

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாத்திரை டப்பாவை அவன் எடுத்துக்கொண்டான். தங்கை கேட்டபோது, நீ தேறிவிட்டாய், இனி வேண்டாம் என்றான். அவள் சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நீலக் கோட்டின் பக்கத்தில் ஒரு கண் முளைத்தது. தங்கை தட்டைத் தள்ளிவிட்டாள். அண்ணன் பெரிய தாள்களாகப் பார்த்து வாங்கிப்போட்டான். மூடிய கதவுக்குள் அவள் யாரிடமோ கெஞ்சுவது கேட்டது.

"இன்னும் கொஞ்சந்தான். அடைச்சிடுறேன்."

மாதக் கடைசியில் எட்டுப் படங்கள் போயின. எட்டும் தேறின. தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கம்பெனிக்காரி இன்னொன்று கேட்டாள். தங்கை வெள்ளையே தெரியாமல் வரைந்து அடைத்திருந்த அறைச் சுவரை அண்ணன் படமெடுத்து அனுப்பினான். அதையும் துணியில் அடித்தார்கள்.