கண்ணாடி துடைப்பவர்

என் வீட்டுக்காரருக்கு ஆய்வகத்தில் ஆமை என்று பட்டப்பெயர். வைத்தவளே நான்தான். ஒரே மேசையில் இருவருக்கும் வேலை. எந்நேரமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "தேய்ச்சுத் தேய்ச்சு அதுல ஓட்டை விழப்போகுது" என்பேன்.

அன்று ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்த செல்கள் வந்தன. பிறவியிலேயே ஒரு ஜீன் பழுது. நல்ல ஜீனைச் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். வழக்கமாக, நோய் தராதபடி அடக்கிய வைரஸ் அதைச் சுமந்து போகும். இந்த ஜீனோ பெரியது. யானையைப் பானைக்குள் அடைக்க முடியுமா? அதனால் மின்சாரம்தான் வழி. கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தால் செல்லின் மேல்தோலில் பொடித் துளைகள் திறக்கும், ஜீன் நுழைந்துகொள்ளும், துளைகள் தாமே மூடிக்கொள்ளும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இரண்டு சின்ன டப்பிகளுக்குத்தான் செல்கள் இருந்தன. மறுபடி ரத்தம் எடுக்கக் குழந்தைக்குத் தெம்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குளிர் அறையிலிருந்து முதல் டப்பியை எடுத்துவந்து, இயந்திரத்தில் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். டப்! தீப்பொறி பறந்தது. அத்தனை செல்லும் வெந்துபோயின.

"உள்ள காத்துக் குமிழி இருந்துச்சா? இருந்தாத்தான் பொறி பறக்கும்" என்றார் அவர்.

"ஒண்ணுகூட இல்லீங்க. நல்லாப் பாத்துட்டுத்தான் வெச்சேன்."

அவரே போய் அடுத்த டப்பியை எடுத்துவந்தார். குளிர் அறையை விட்டு வந்ததுமே அவர் கண்ணாடியில் ஈரம் பூத்து மங்கியது. அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, நேரமாக ஆக செல்லு சாகுதுங்க! அழுத்தித் தொலைங்க!"

"இரும்மா. என் கண்ணாடிக்கு ஆனதுதான் டப்பிக்கும் ஆயிருக்கு."

டப்பியில் மின்சாரம் ஏறும் இருபுறத் தகட்டிலும் மெல்லிய ஈரம் பூத்திருந்தது. முதல் டப்பியில் மின்சாரம் அந்த ஈரத்தின் மேல் குறுக்கே பாய்ந்துதான் பொறி பறந்து, செல்கள் வெந்திருக்கின்றன. துடைத்தார். மறுபடி ஈரம் பூத்தது. மறுபடி துடைத்தார். எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது. தகடு காய்ந்து நிற்கும்வரை அவர் விடவில்லை. அப்புறம்தான் இயந்திரத்தில் வைத்து அழுத்தினார். சத்தமே வரவில்லை.

சோதனை முடிவு வரும்வரை இருவருக்கும் சோறு இறங்கவில்லை. செல்கள் பிழைத்திருந்தன. ஜீனும் உள்ளே போயிருந்தது, குழந்தைக்குப் போதுமான அளவுக்கு.

"இந்தக் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்!" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப எதுக்குங்க? இங்க குளிரே இல்லையே?"

"குளிர் இல்லம்மா" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கி, நானே துடைத்துக் கொடுத்தேன், நிதானமாக.