அப்பாவின் கடைசி எஞ்சின்

அப்பாவின் அடக்கத்துக்குப் போட்டுப்போன கறுப்பு ஷூவைக்கூடக் கழற்றாமல், கார்லா ஏரிக்கரைப் படகுத்துறையில் மண்டியிட்டுப் படகின் பின்பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரைத் தள்ளும் விசிறி மாட்டிய பழைய எஞ்சினின் கால் வெளியே நீட்டியிருந்த ஓட்டையை டுவெய்ன் சித்தப்பா எப்படி அடைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். உள்மரம் இற்றிருந்தால் சத்தம் பொதபொதவென்று வரும். எங்கே தட்டினாலும் கெட்டியாகத்தான் கேட்டது. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்தப் பழைய எஞ்சின் இத்தனை வருடமும் படகின் வயிற்றுக்குள், பெட்டி போட்டு மூடிக் கிடந்தது. அப்பா ரெய்னோவைத் தவிர யாருக்கும் மசியாது. இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி, பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து, அந்த வாடையை வெளியேற்றும் காற்றாடியை ஓடவிட்டு, நாலு கெட்ட வார்த்தை சொன்னால்தான் உறுமும். அதைத் தொட யாரையும் விடாத மனிதர், டாக்டர்கள் கைவிரித்த பிறகு, பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே தொங்கும் அவுட்போர்டு மாட்டச் சொன்னாராம். சாகப் போகிறவருக்குப் புது எஞ்சின் எதற்கு? சித்தப்பாவுக்கு என்றைக்குமே இந்தப் படகின் மேல் ஒரு கண்.

ஏரிக்கு நடுவே, சாலையே இல்லாத தீவில் வீடு. பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அம்மாவை அங்கே தனியாக விட முடியாது. வீட்டையும் படகையும் விற்றுவிட்டு டெட்ராய்ட்டுக்குக் கூட்டிப்போக கார்லா ஆள்கூடப் பார்த்துவிட்டாள். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

"தட்டிப் பாத்தது போதுமா? இல்ல சுத்தியல் தரவா?" டுவெய்ன் கேட்டார். சர்ச்சில் கொடுத்த ஹாம் சாண்ட்விச் அவர் இடது கையில் இருந்தது.

"சும்மா பாத்தேன், சித்தப்பா."

"உங்கப்பனும் சும்மா பாக்குறேன்னு சொல்லியே என் உசிர வாங்குனான்."

படகில் ஏறிய கார்லா ஸ்டியரிங்கைப் பார்த்ததும் நின்றாள். வேகத்தைக் கூட்டும் கைப்பிடி அப்பா காலத்தில் வலது பக்கம் இருந்தது. இப்போது இடது பக்கம்.

"இது ஏன் இந்தப் பக்கம்?"

"ரெய்னோதான் வெக்கச் சொன்னான்."

"அப்பாவுக்கு வலது கைப் பழக்கம். உங்களுக்குத்தான் இடது."

சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார். கோபித்துக்கொள்வார் என்று கார்லா எதிர்பார்த்தாள். அவர் அம்மா உட்கார்ந்திருந்த காரின் பக்கம் திரும்பி, "ஆர்லீன் அண்ணி, கெளம்பலாமா?" என்றார்.

அம்மா மெதுவாக வந்தாள். வலது கை கோட்டுப் பைக்குள் கிடந்தது. கார்லா துறையில் இறங்கி நின்று வழிவிட்டாள். உள்ளே போன அம்மா பழைய பெட்டிப் பக்கம் குனிந்து, அப்பா செய்வதைப் போலவே ஒருமுறை முகர்ந்தாள். அதற்குள் இப்போது மிதவைச் சட்டைகள்தான் இருந்தன. பிறகு ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து இடது கையால் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே ஓடியது. அந்தக் கை தேடாமலே இடது பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

"வீட்ட வாங்குற ஆளு எப்ப வர்றான்?" அம்மா திரும்பாமல் கேட்டாள்.

சித்தப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் உன்..."

"கயித்த அவுத்து விடு, கார்லா."

கயிறு நனைந்து இறுகியிருந்தது. கார்லா குனிந்து இரண்டு கையாலும் முடிச்சை நெகிழ்த்தத் தொடங்கினாள்.