ஒரே வீட்டு இரண்டு மாதிரிகள்

உலகமே வௌவாலைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதற்காக வக்காலத்து வாங்கிய ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். “நேரா வௌவால்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு யார் சொன்னா?” என்று பால் வாங்கப் போன இடத்தில்கூடச் சண்டைக்குப் போவாள். வௌவாலிடம் இப்போது இருக்கும் வைரஸ் நம்முடையதற்குத் தாத்தா இல்லை, ஒன்றுவிட்ட அண்ணன் முறை. இரண்டுக்கும் பொதுவான பாட்டன் எப்போதோ இருந்து, யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பாள். பால்காரர் பாலை ஊற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அவள் பிழைப்பே அதுதான். கொரோனா குடும்பத்து வைரஸ்களின் மரபணுவை எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தி, எது எதற்கு என்ன முறை என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்து. எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணினால், இரண்டும் எப்போது பிரிந்தன என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். ஆயிரத்துச் சொச்சம் மாறியிருந்தால் பிரிந்து பல பத்து வருஷம் ஆகியிருக்கும். ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருந்தால் ஒன்றுமே மாறியிருக்காது, மிஞ்சிப்போனால் ஒன்றோ இரண்டோ. இத்தனையும் விரல்நுனியில் வைத்திருந்தவள், தன் வீட்டு விஷயத்தை மட்டும் ஐந்து வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கணவன் ஓவிய ஆசிரியன். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால், பிள்ளைகளுக்கு யானை வரையச் சொல்லிக்கொடுத்தபடி ஃபோனும் கையுமாக வீட்டில் இருந்தான். மருந்துக்கடை, காய்கறிக்கடை தவிர அவனுக்கு வெளியே வேலை இல்லை. அவள்தான் தினமும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், ஊரார் மூக்கிலிருந்து எடுத்ததையெல்லாம் குடைந்துவிட்டு வந்தாள். ஒரு திங்கட்கிழமை அங்கேயே எடுத்த சோதனையில் அவளுக்கு நோய் உறுதியானது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் என்ன, சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா? வெந்நீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் பாதி குடித்து வைத்த தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தான்.

“ஐயோ, அது என் எச்சி!” என்று கத்தினாள்.

“என்னமோ புதுசா சொல்றே!” என்றான்.

புதன்கிழமை அதே ஆய்வுக்கூடச் சோதனையில் அவனுக்கும் உறுதியானது. அவள் நாலு நாளில் எழுந்து நடமாடினாள். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், திருப்பிக் கொண்டுவரவில்லை.

நீதான் கொடுத்தாய் என்று யாரும் அவளைப் பழிக்கவில்லை. பழித்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். துணைக்கு வந்து தங்கிவிட்ட மாமியார்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு, அவளே தண்டனையையும் அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மரக்காரர் அவள் மேஜைக்கு வந்து நின்றார். கணினியில் வைரஸ்களின் வம்சாவளி மரம் வரைகிறவர் என்பதால் அந்தப் பெயர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. புதிய மரத்தில் வௌவால் வைரஸ்களோடு, குளிர்பெட்டியில் கிடந்த பழைய மனித மாதிரிகளையும் சேர்ப்பதாக ஏற்பாடு. போன வாரம்தான் அவற்றை முழுதாக வாசித்து முடித்திருந்தார்கள்.

“இருநூத்திப் பதினாலும் இருநூத்திப் பத்தொன்பதும் ஒரே வீடுன்னு போட்டிருக்கும்மா. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும். எதைத் தூக்கட்டும்?”

பதினாலு அவள். பத்தொன்பது அவன்.

“பாக்காம எதையும் தூக்காதீங்க. நானே பாத்துச் சொல்றேன்” என்றாள்.

இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் போட்டாள். என்ன வர வேண்டும் என்று விரும்புகிறாள் என்பது அவளுக்கே பிடிபடவில்லை. மாறிய எழுத்துகள் சிவப்பில் தெரியும். முதல் சிவப்பு வந்தது. சரி, ஒன்று இருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது. பத்தைத் தாண்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மொத்தம் முப்பத்தொன்று.

மாதிரிக் குழாய் மாறிப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போதே உபரியாக எடுத்து வைத்திருந்த இன்னொரு ஜோடிக் குழாய்களைத் தேடிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. திரும்பவும் அதே முப்பத்தொன்று, அதே இடங்களில். மரத்தில் அவள் ஒரு கிளை நுனியில் இருந்தாள், அவன் வேறொரு கிளை நுனியில் இருந்தான். இரண்டு கிளைகளும் சேருமிடம் அவர்கள் படுத்ததற்கு ஏழெட்டு மாதம் முன்னால், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் தொண்டையில் இருந்தது.

‘முதல்ல கிடைச்ச சாம்பிள்தான் மூலம்னு நினைச்சுடாதே’ என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் கடிந்துகொள்வது அவள்தான். அந்த அவள், திங்கள் முன்னால், புதன் பின்னால் என்பதை மட்டும் வைத்துப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நல்லதாப் போச்சும்மா, ரெண்டையும் வெச்சுக்கலாம்” என்று மரக்காரர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, அவனுக்கு நேரே நோயைக் கொடுத்தவர் யாராக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடை வரிசையில் அவன் பக்கத்தில் நின்றிருப்பார். அவன் வழக்கம்போல ஏதாவது கடி ஜோக் அடித்திருப்பான், அவர் சிரித்திருப்பார். வௌவாலின் பூர்வீகத்தைத் தோண்டத் தெரிந்தவளுக்கு அந்த ஆளைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பொறாமை. அந்த ஆள் நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மாமியார் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, அவருக்கு வந்தது என்கிட்டேர்ந்து இல்ல.”

மாமியார் நிமிர்ந்தார். “யாரு சொன்னா?”

“நானே பாத்தேன். ரெண்டு தடவை பாத்தாச்சு. எனக்கு வந்தது வேற, அவருக்கு வந்தது வேற.”

மாமியார் மடித்ததையெல்லாம் மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பாடா! நீ உள்ளுக்குள்ளயே வெச்சுக் குமையிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? உன்ன எப்படித் தேத்துறதுன்னு தெரியாமத்தான் வாய மூடிக்கிட்டிருந்தேன். விட்டுது சனின்னு இனிமேலாவது நிம்மதியா இரு.”

அவளுக்கு உதடு கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இத்தனை வருஷத்தில் மாமியார் எதிரே அவள் இப்படி விசித்து அழுததில்லை.

“அட, நல்ல சேதி சொல்லிட்டு எதுக்கும்மா இப்படி அழறே?”

“கடைசியா அவருக்கு நான் குடுத்தது அது ஒண்ணுதான்னு நெனச்சிட்டிருந்தேன், அத்தை. இப்ப அதுவும் இல்ல.”