நல்ல தண்ணீர் வீடு

புதுக் குளியலறைக் குழாயின் வாயில் மறுபடியும் வெள்ளை பூத்திருந்தது. லெய்லா பாதித் தேசிக்காயை அதில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நேற்றும் இதே வேலைதான். வெள்ளை போய்க் குழாய் பளபளத்தது, ஆனாலும் அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

எத்தாளை ஊரில் அவர்களுடைய குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே இந்த வீடு மகள் றைஸாவுக்கு, அதாவது மாப்பிள்ளை றிப்னாஸுக்கும் சேர்த்துத்தான். ஒரு வருடமாக அந்த வீட்டைத்தான் உடைத்து உடைத்துக் கட்டினார்கள். போன நோன்பு முடிந்த கையோடு கூரையில் தொடங்கியது. கூரையை இறக்கினால் சுவர் வெடித்திருப்பது தெரிந்தது. சுவரைப் பூசினால் தரை அசிங்கமாகத் தெரிந்தது. தரைக்கு மாபிள் பதித்தால் பழைய யன்னல்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாம்புரியிலிருந்து வந்த மேசன் பஸ்தியான் அந்த வீட்டில் சாப்பிட்ட பகல் சாப்பாட்டுக்கு அவனையும் குடும்ப அட்டையில் பதிந்திருக்கலாம். சோற்றில் சீமெந்துத் தூள் விழாத நாள் இல்லை. ஆனாலும் லெய்லா சந்தோசமாகத்தான் இருந்தாள். அப்போது பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வளவையும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சம்பந்தம் பேச வந்த அன்று றிப்னாஸின் உம்மா மபாஸா நகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொண்ணூறில் ஆயுத இயக்கம் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, களப்போரம் கரைத்தீவில் கொட்டில் போட்டு, பிள்ளைகளை வளர்த்தவள். கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்களுக்கு ஒன்டும் வேணாம் மதினி. உங்கட கிணத்துல நல்ல தண்ணி என்டு ஊரே செல்லுது. நாங்க வந்த காலத்துல இரிந்து குடிச்சது உப்புத் தண்ணி. என்ட மனிசன் கிட்னி பழுதாகித்தான் மௌத்தாப் போனாரு. தண்ணிதான் காரணம் என்டு டொக்டர் செல்லிட்டாரு. என்ட மகன் நல்ல தண்ணி இரிக்கிற ஊட்டுல இரிந்தாப் போதும்."

லெய்லாவின் கணவன் சரீபுக்கு அது பெரிய வெட்கமாகப் போய்விட்டது. சண்டை முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் கேட்பதும் நின்று, அவனுடைய மீன் வியாபாரம் நிமிர்ந்திருந்த நேரம். ஒன்றும் கேட்காதவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்? கூரை, சுவர், தரை, யன்னல் எல்லாம் முடிந்தும் அவனுக்கு மனம் ஆறவில்லை. மணவறையோடு சேர்த்துக் குளியலறை, அதற்கு மேலே தண்ணீர்த் தாங்கி, தாங்கிக்கு மோட்டார் என்று போனான்.

அந்தப் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர் ஆழத்தில் இல்லை. உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதனால்தான் அங்கே கிணறுகள் ஆழமில்லாதவை, குனிந்து வாளியால் அள்ளலாம். இது சரீபுக்குத் தெரியாததல்ல. தோட்டத்துக் கிணற்றைத் தோண்டிக் கெடுத்தவர்களை அவனே எத்தனையோ தடவை பகிடி பண்ணியிருக்கிறான். ஆனால் அது கோடை, தாங்கி பாதி நிறையுமுன் கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுத்தது. வருடம் முழுவதும் எதையாவது உடைத்துப் பழகிய கை. பஸ்தியானும் மண்வெட்டியோடு அங்கேயே நின்றான். "கொஞ்சம்தானே லெய்லா, ஒரு ஆள் ஆழம்" என்றான் சரீப். கிணற்றைத் தோண்டினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. தாங்கி நிரம்பி வழிந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் பருப்பு வேகவில்லை. எவ்வளவு விறகு வைத்தும் கல்லாகவே கிடந்தது. லெய்லா ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை. நல்ல தண்ணீர் உப்பாகிவிட்டிருந்தது.

"மழ பெய்தாச் சரியாப் போகும்" என்றான் சரீப். மழை பெய்தது. சரியாகவில்லை.

பின்னேர அசர் தொழுகைக்கு முன் குடத்தோடு வருகிற பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவிடம், கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கிறது என்று லெய்லா பொய் சொன்னாள்.

"எவ்வளவு நாளைக்கு போட்டீங்க, ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள். அந்தக் கதை கரைத்தீவுக்குப் போய்விடுமோ என்று லெய்லா பயந்தாள்.

"செல்லிருங்களே உம்மா" என்றாள் றைஸா. "அவங்க குடிக்கத்தானே போறாங்க."

"செல்லிட்டு? கலியாணத்த நிப்பாட்டவா? வாய மூடிட்டு இரி மகள்."

சரீப் பள்ளிவாசல் வடிகட்டித் தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் கொண்டு வந்து வைத்தான். தேத்தண்ணீர், சர்பத், கிளாஸ் கழுவும் தண்ணீர் வரைக்கும் கான் தண்ணீர்தான். லெய்லா எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள்.

மபாஸா இரண்டு சொந்தக்காரப் பெண்களோடு வந்தாள். மாபிளைப் பார்த்தார்கள், யன்னலைப் பார்த்தார்கள். சர்பத் குடித்தார்கள். மபாஸா கிளாஸை வைத்துவிட்டு, "நல்ல தண்ணி, மாஷா அல்லாஹ்" என்றபோது லெய்லா முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அசருக்குப் பாங்கு கேட்டது. சரீப் பள்ளிக்குப் போய்விட்டான். மபாஸா எழுந்தாள்.

"உளு எடுத்திட்டு வாறன் மதினி."

லெய்லாவுக்கு உச்சந்தலையில் அடி விழுந்தது. தொழுகைக்கு முன் கை, வாய், முகம் கழுவுகிற உளுவென்றால் மூன்று தடவை வாய் கொப்பளிக்க வேண்டும். இதை எப்படி மறந்தாள்? அவளும் ஒவ்வொரு நாளும் ஐந்து நேரம் கொப்பளிக்கிறவள்தானே.

"வெளிய வாளியில தண்ணி வெச்சிரிக்கி மதினி. அந்தக் குழாய் கொஞ்சம் இறுக்கம்."

"புது பாத்ரூமப் பாக்கத்தானே வந்தம்" என்று சிரித்துக்கொண்டே மபாஸா உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

லெய்லா கதவுக்கு வெளியே நின்றாள். தண்ணீர் விழுந்தது. கை கழுவும் சத்தம். கொப்பளிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு குழாய் மட்டும் ஓடியது. அது ஓடிக்கொண்டேயிருந்தது. உள்ளே அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? கரைத்தீவில் அவள் தன் மனிசனுக்குக் கொடுத்த தண்ணீரின் ருசி அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? லெய்லா கதவை நெருங்கினாள். கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினாள். அதற்குள் இரண்டாவது கொப்பளிப்பு கேட்டது, மிக மெதுவாக. பிறகு மூன்றாவது.

மபாஸா வெளியே வந்தாள். முகம் ஈரமாக இருந்தது. சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. லெய்லாவை நேராகப் பார்த்தாள்.

"தொழுதிட்டுக் கதைப்பம் மதினி."

றைஸா பாய்களைப் பக்கத்துப் பக்கத்தில் விரித்தாள். விரித்துவிட்டு அங்கிருந்து நகராமல் நின்றாள். லெய்லா தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினாள். எத்தனையாவது றக்அத் என்று பிடிபடவில்லை, பக்கத்தில் இருந்தவள் குனிந்தபோது குனிந்தாள், எழுந்தபோது எழுந்தாள். சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்தது. மபாஸா இரண்டு கைகளையும் ஏந்தினாள். லெய்லாவும் ஏந்தினாள், கேட்க ஒரு சொல்லும் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். மபாஸாவின் உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன, தாடையில் தங்கிய தண்ணீர் ஒரு சொட்டாகத் திரண்டு பாயில் விழுந்தது. ஏந்திய கைகளை அவள் இன்னும் இறக்கவில்லை.