ரொட்டி சுடுகிறவள் ரொட்டியை விட்ட கதை

1

இந்தக் கதை எனக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்துப் பெஞ்சில் என் பக்கத்தில் இரண்டு பெண்கள். "கோதுமைய விட்டேன், தைராய்டு அடங்கிடுச்சு" என்றாள் ஒருத்தி. "அப்போ கடைய என்ன பண்றது?" என்றாள் மற்றவள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை நான்தான் கட்டினேன், கண்ணுகளா. தப்பிருந்தால் திட்டு எனக்கு.

2

'அடுப்பின் வெக்கையில் அவள் முகம் நிலவைப் போல—'

வேண்டாம். முடி கொட்டி, உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்து போகிறவளுக்கு நிலா எதற்கு?

இப்படித் தொடங்குகிறேன். அவள் ரொட்டி சுடுகிறவள். நாத்தனார் கல்லாவில். காலையில் முதல் தட்டு வெளியே வந்ததும் ஒரு ரொட்டியைப் பிய்த்து, பால் தேநீரில் தோய்த்துத் தின்று, உப்பும் வேக்காடும் பார்ப்பாள். தைராய்டு மாத்திரையையும் அந்தத் தேநீரிலேயே விழுங்கிவிடுவாள். கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் தைராய்டுக்கு எதிரி என்று யாரோ சொன்னார்கள். விட்டாள். சில மாதங்களில் சோர்வு போனது. முடி கொட்டுவதும் குறைந்தது.

(குளூட்டன் என்பது, மாவைப் பிசையும்போது இழுபடுகிறதே, அந்தப் பசைதான். இத்தனை வருடம் அவள் கைக்குச் சோறு போட்டது அதுதான்.)

3

கேடு கடைக்கு வந்தது. முதல் ரொட்டியை ருசி பார்க்க ஆளில்லை.

"அண்ணி, இன்னிக்கும் உப்பு கரிக்குதாம். திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க."

"நீ தின்னு பாத்துச் சொல்லேன்."

"நானா? எங்க அண்ணன் சமையலையே நல்லாருக்குன்னு சொன்ன நாக்கு இது!"

"அப்போ அடுப்ப வித்துடலாம். வாங்க ஆள் இருக்கு. உடம்பா கடையான்னா எனக்கு உடம்புதான்."

நாத்தனார் திரும்பி வந்த ரொட்டிகளை எண்ணினாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

4

இங்கேதான் எனக்கு உறுத்தியது. இரண்டாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள். ரொட்டியை எடுத்தேனா, தோய்க்க ஒன்றும் இல்லாமல் தேநீரும் கூடவே போயிருக்கிறது. மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. எழுதிய எனக்கே தெரியாமல்! அப்படிப் போட்டால்தானே அது ஒழுங்காக உடம்பில் சேரும். அப்படியானால் அவளைத் தேற்றியது எது?

ஒரு மருத்துவரைக் கதைக்குள் விட்டேன்.

"குளூட்டன் ஒத்துக்காத குடல் நோய் இருந்தா கட்டாயம் விடணும்மா. இல்லேன்னா, விட்டா தைராய்டு சரியாகும்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தாது. அந்த நோய் இருக்கான்னு பாக்கணும்னா, மறுபடி கொஞ்ச நாள் ரொட்டி சாப்பிட்டுட்டு ரத்தம் குடுக்கணும். மாத்திரைய இப்போ போடற மாதிரியே வெறும் வயித்துல போடுங்க."

"பழைய சோர்வு வந்துட்டா?"

"வந்தா அதையும் பாத்துக்கலாம்."

"நீங்க பாத்துப்பீங்க டாக்டர். படுக்கறது நானில்ல?"

5

முடிவு ஒன்று: தின்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, கடை பிழை—

அடித்துவிட்டேன். உங்களில் நிஜமாகவே குடல் நோய் உள்ள ஒருத்தி இதைப் படித்துவிட்டு ரொட்டியைக் கடித்தால்?

முடிவு இரண்டு: தின்கிறாள், படுத்துவிடுகிறாள்—

இதுவும் வேண்டாம். இன்னொருத்தி இதை நம்பி, கோதுமையை விட்டாலே போதும் என்று மாத்திரையை எறிந்தால்?

அதனால் இருவரையும் அடுப்பின் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

"பயமாருக்குடி."

"நான் இருக்கேன்ல அண்ணி. நீங்க படுத்தா நான் பிசையறேன்."

"நீ பிசைஞ்சா வீடு கட்டத்தான் ஆகும்."

"வீடு கட்டிக்கலாம். மொதல்ல கடிங்க."

ரொட்டியைப் பிய்த்துவிட்டாள். ஆவி பறக்கிறது. இதற்கு மேல் நடப்பது அவள் ரத்தத்தில் இருக்கிறது. என் பேனா அவ்வளவு தூரம் போகாது. அடுப்பை வாங்க வந்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி வாசலில் உட்கார வைத்திருக்கிறேன். அவரை அனுப்புவதா, உள்ளே கூப்பிடுவதா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கண்ணுகளா. மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.