பச்சைக் குடை அம்மா

“இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசும்மா. கடைசி வரிசையில உக்காந்து தூங்குறவன் முழிச்சுக்கணும்” என்றாள் தண்ணி மேடம். ஆராய்ச்சி மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. ஆராய்ச்சியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் மாணவர்களுக்குத் துணை நிற்கும் பொறுப்பு அவளுடையது. பேசப்போகிற பிள்ளை எதிரில் வந்தால் போதும், கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை. அவளும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்தான். ஆனால் மாநாடு வந்துவிட்டால் கல்யாண வீட்டு அத்தை மாதிரி கால் தரையில் பாவாது.

ஒத்திகை அறை என்பது பெரிய அரங்கை மடக்குத் தடுப்பால் மறைத்து எடுத்த ஒரு மூலை. அங்கே நின்று பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் குரலே எழும்பாது. கூடப் படிக்கிறவர்கள் பூனைக்குட்டி என்பார்கள். மதியம் அவள் முறை. ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து காத்துக் கிடந்துவிட்டு, டாக்டர் கூப்பிடப்போகும் நேரத்தில் எழுந்து போய்விடுகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. வேறு யாருக்காவது இது தோன்றுமா? அதற்காக மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கூடத்து இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சைப் பச்சைக் குடை வைத்திருந்த ஓர் அம்மாவிலிருந்து தொடங்குவாள். அவருக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் பாக்கி. அப்போது பார்த்துக் குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்துவிட்டார்.

“நான் முடிச்சதும் யாருமே ஒண்ணும் கேக்கலன்னா என்ன பண்றது மேடம்?”

“அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? மொதக் கேள்வி என்னோடது. அந்தக் குடைக்கார அம்மா அப்புறம் என்ன ஆனாங்கன்னு கேப்பேன். பதில எங்கிட்ட இப்பச் சொல்லாத. அப்பத்தான் நான் நெசமாவே கேட்ட மாதிரி இருக்கும்.”

அது சங்கத்தின் பழக்கம். மாணவர் பேசி முடித்ததும் அரங்கம் கப்சிப்பென்று இருந்துவிட்டால் பிள்ளை நொறுங்கிப்போகும். அதனால் துணைக்கு இருப்பவர் முன்வரிசையில் உட்கார்ந்து, பேசிவைத்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். அதற்கான பதிலை மட்டும் பூனைக்குட்டி ஸ்லைடில் போடவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. சிறப்புரை ஆரம்பிக்கிறது, பேசுகிறவர் பெரிய சார். பூனைக்குட்டியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. மேடத்துக்கும் ஒரு காலத்தில் அவர்தான் வழிகாட்டி. இன்று அவள் பார்க்கும் வேலையே அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கிடைத்தது.

“ஒரு அம்மா. அவங்க கையில ஒரு பச்சைக் குடை” என்று ஒலிபெருக்கியில் கணீரென்று தொடங்கினார்.

மேடம் முதலில் சிரித்தேவிட்டாள். மாணவியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். பெரிய மனிதர்கள் எப்போதாவது அப்படியும் செய்வதுண்டு. ஆனால் குரல், “அவங்களை நான் ரொம்ப நேரமாக் கவனிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றது. நானாம், நான்! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்? மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடிக்க நடக்கும் சண்டை, நம்பர் சீட்டை வாயில் கவ்விக்கொண்டு தூங்கும் குழந்தை, எல்லாம் பூனைக்குட்டியின் பேச்சில் இருந்த வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தன. அதிலிருந்த வேடிக்கையான ஒரு வரிகூட அதே இடத்தில் வந்தது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வரியை அங்கே வைக்கச் சொன்னவளே மேடம்தான்.

பூனைக்குட்டி பேயறைந்த மாதிரி நின்றாள். “சாருக்கு நான் இன்னும் ஸ்லைடே காட்டலயே மேடம். எத்தன தடவ கேட்டாலும் நேரமில்லன்னுதானே சொன்னாரு. அவர்கிட்ட எப்படிப் போச்சு?”

எப்படிப் போனது? ஒத்திகைக்காகத் தன்னிடம் வந்த ஸ்லைடுகளைப் போன வாரம் மேடமேதான் அவருக்கு அனுப்பினாள். ‘உங்க பொண்ணு அசத்திட்டா, பாருங்க சார்’ என்று ஒரு வரி வேறு. அதைப் பார்த்தாவது மனிதர் மதியம் வந்து உட்காருவார், பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. பதிலுக்கு, கைகூப்பிய படம் ஒன்று வந்தது. அடப்பாவி மனுஷா! கும்பிட்ட கையா இது?

“நான்தாம்மா அனுப்பினேன்” என்றாள். தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “மதியம் நான் இதையே பேசினா, சாரைப் பாத்துக் காப்பியடிச்சேன்னுதானே மேடம் சொல்லுவாங்க?” என்றாள். மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தாள்.

“ஏய், நில்லு. போகாதம்மா. எங்கூட வா.”

கையைப் பிடித்து அரங்கின் பின்கதவு வழியாக உள்ளே கூட்டிவந்து, “இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டு மேடம் முன்வரிசைக்குப் போனாள். இந்த மனிதர் எதிரில் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்ததில்லை அவள். உரை முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. கேள்விகள் உண்டா என்று தலைமை தாங்கியவர் கேட்டார். அவ்வளவு பெரிய மனிதரிடம் யார் கேட்பார்கள்? மேடம் கையைத் தூக்கினாள். மைக் வந்தது.

“சார், அந்தக் குடைக்கார அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?”

“நல்ல கேள்விம்மா. நீ எப்பவுமே இப்படித்தான்” என்று பெரிய சார் வாஞ்சையாகச் சிரித்தார். ஸ்லைடுகளை முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். இருந்தால்தானே. “அது வந்து… கூடத்த விட்டுப் போனவங்க பின்னாடி நாங்க போகல. அது நம்ம ஆராய்ச்சியில வராது.”

மேடம் திரும்பிப் பார்த்தாள். தூண் மறைத்தது. பின்கதவருகே யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. போய்விட்டாளா?

“எனக்குத் தெரியும் சார்.”

குரல் எழும்பவில்லை. கடைசி வரிசை மட்டும் திரும்பியது. அப்புறம் அதற்கு முன்வரிசை. பெரிய சாரின் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் கையிலிருந்த மைக்கைப் பின்னால் இருந்தவரிடம் நீட்டினாள். எதற்கென்று புரியாமலே அவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். கைக்குக் கை மாறி அது பின்னால் போய்க்கொண்டிருந்தது. தூணுக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண் தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.